சருகுத் தரையைப் படிப்பவர்கள்

காட்டு ஊர்வனவற்றை ஆராய்கிறவரின் நாள் பெரும்பாலும் அவற்றைப் பார்க்காமலேயே கழிகிறது. பறவையும் பாலூட்டியும் உடல்சூட்டைக் காத்துக்கொள்ள ஓயாமல் இரை தேடியாக வேண்டும். பாம்புக்கு அந்த அவசரம் கிடையாது. வெளியிலிருந்து சூடு வாங்கும் உடல் என்பதால், பெரிய இரை ஒன்றை விழுங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஒரே இடுக்கில் கிடக்கும். யானையைப் போல எளிதில் கண்ணில் படும் தடமோ சாணமோ விட்டுச்செல்வதில்லை. புலிகளைக் கணக்கெடுக்கும் தானியங்கி கேமரா, விலங்கின் உடல்சூட்டை உணர்ந்து இயங்குவது. சுற்றுப்புறத்தின் சூட்டையே கொண்ட ஓணானும் பல்லியும் முன்னால் போனால் அது பெரும்பாலும் கவனிக்காது.

ஆகவே இந்தத் துறையின் அடிப்படைக் கருவிகள் இன்றும் கண்ணும் காலும் டார்ச் விளக்கும்தான். காட்டுத் தரையைச் சதுரங்களாக அளந்து, ஒவ்வொரு சதுரத்திலும் சருகை விலக்கி, கல்லைப் புரட்டி, மட்கிய மரத்துண்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். புரட்டிய கல் பழையபடியே வைக்கப்பட வேண்டும். அதன் அடியில் உள்ள ஈரம் ஓர் உயிரின் வீடு. களக்காடு முண்டந்துறை மழைக்காடுகளில் தரைவாழ் ஊர்வனவற்றை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு பரப்பு, மழைக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். உயிர் ஒன்றும் கிடைக்காத சதுரமும் ஏற வேண்டும். நல்ல ஆய்வாளரை அடையாளம் காட்டுவது இந்த வெறுங்குறிப்புகளே. ‘காணவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் மிக எளிது, மிக ஆபத்தானதும்கூட.

முன்பு நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், தென்னிந்திய மலைகளிலிருந்து பல பாம்புகளுக்கு அறிவியல் விவரிப்பு எழுதினார். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் பல அவர் வழியாகவே அறிவியலுக்கு வந்தன. ஆனால் அது சேகரிப்பின் காலம். உடல் சாராயப் புட்டிக்குள் போனது, செதில் எண்ணப்பட்டது, அந்த உயிர் எதைத் தின்றது, எங்கே குட்டி போட்டது என்பது காட்டிலேயே தங்கிவிட்டது.

இரண்டு காலங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரம்பு ஆமை நன்றாகவே காட்டுகிறது. கொச்சி சமஸ்தானக் காட்டில் கிடைத்த இந்தச் சிற்றாமையைச் சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் 1912இல் விவரித்தார். ஓடு சுமார் 13 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அதன் உறவினங்களில் பல நீரை நம்பி வாழ, இது பசுமைமாறாக் காட்டின் சருகிலேயே வாழ்வது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் எவர் கண்ணிலும் அது படவில்லை.

1982இல் அதை மீண்டும் கண்டவர் ஜெ. விஜயா. சென்னைப் பாம்புப் பண்ணையில் தொண்டராகச் சேர்ந்து, ஆமைகளையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர். இந்தியாவில் ஊர்வன ஆய்வில் முழுமூச்சாக இறங்கிய முதல் பெண் என்று அவரைச் சொல்வதுண்டு. கேரளக் காட்டில் தங்கி, காடர் பழங்குடியினரின் உதவியோடு அவர் தேடினார். ஆய்வுலகம் எழுபது ஆண்டு ‘தொலைத்த’ ஆமை காடர்களுக்கு அப்படியொன்றும் தொலைந்திருக்கவில்லை. இத்தகைய கண்டுபிடிப்புகளின் பெருமைப் பட்டியலில் காட்டைப் படிக்கத் தெரிந்தவர்களின் பெயர்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. இது இந்தத் துறை இன்னும் தீர்க்காத கடன். விஜயாவின் பணியில் கண்டதோடு நிறுத்திக்கொள்ளாத பண்பு இருந்தது. அந்த ஆமை எங்கே ஒதுங்குகிறது, எதைத் தின்கிறது என்று தொடர்ந்து கவனித்தார். அமெரிக்க ஆமையியலாளர் எட்வர்ட் மோல் முதலியோருடன் அவர் சேர்ந்து எழுதிய விரிவான விவரிப்பு 1986இல் வெளிவந்தது. 1987இல், முப்பது வயதை எட்டும் முன்பே, விஜயா இறந்தார். 2006இல் அந்த ஆமைக்கெனத் தனிப் பேரினம் வகுக்கப்பட்டபோது அதற்கு ‘விஜயாகெலிஸ்’ என்று பெயரிட்டார்கள்.

நீண்ட பணி வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டு சு. பூபதி. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவின் மலைப்பாம்புகளை, முள்ளம்பன்றி வளைகளில் அவை ஒதுங்குவது உட்பட, ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு கோவை ஆனைக்கட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றி, மேகமலை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளின் ஊர்வனவற்றைப் பதிவுசெய்தார், மாணவர்களையும் உருவாக்கினார். 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். 2018இல் ஆனைக்கட்டி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட கேடயவால் பாம்பு ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆய்வு மையத்தின் சுற்றுப்புறத்து மண்ணிலேயே பெயரிடப்படாத பாம்பு இருந்திருக்கிறது என்பது, இன்னும் எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்கிறது.

கருவிகளில் பெரிய மாற்றம் ரேடியோ அலைபரப்பியால் வந்தது. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 2005இல் மழைக்காட்டு ஆய்வு நிலையம் நிறுவினார். அங்கே 2008 முதல் ராஜநாகங்களின் உடலில் அறுவைச் சிகிச்சை மூலம் சிறு அலைபரப்பி பொருத்தி, ஏற்பியோடு பின்தொடர்ந்தார்கள். சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையைக் காக்கும் இந்தப் பாம்பின் அன்றாடம் அப்போதுதான் நாள் விடாமல் பதிவானது. ஆனால் அலைபரப்பி சுமக்கும் பாம்புகள் சிலவே. ஒவ்வொன்றைப் பற்றியும் நிறையத் தெரிகிறது; அதைக் கொண்டு மொத்தக் காட்டுக்கும் தீர்ப்பு எழுதுவதற்கு எச்சரிக்கை வேண்டும்.

இந்தச் சூழலியல் அறிவே பாதுகாப்புக்கு வழிகாட்டுகிறது. வேட்டைத் தடைச் சட்டம் மட்டும் போதாது. நிழல் தரும் மேல்மரங்களை வெட்டினால் தரை சூடேறும், சருகு காயும். பிரம்பு ஆமையைக் கையால் தொடாமலேயே அதன் இடத்தை அழித்துவிடலாம். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் மழைக்குப் பின் மேலே வந்து மலைச்சாலையில் நசுங்குகின்றன. ஆனைமலைச் சாலைகளில் இந்தச் சாவுகள் பதிவாகியுள்ளன. வீட்டருகே பிடித்த பாம்பைத் தொலைதூரக் காட்டில் விடுவது கருணை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. ஆகும்பேயில் அப்படி இடம் மாற்றப்பட்ட ராஜநாகம் அறியாத நிலத்தில் வெகுதூரம் அலைந்ததை அலைபரப்பி காட்டியது. அதனால் அங்கே ராஜநாகம் வந்ததாகத் தகவல் கிடைத்தால், முதலில் வீட்டாருக்கு விளக்கி அது தானாகப் போகக் காத்திருக்கிறார்கள். பிடித்தே ஆக வேண்டிய நிலையில் பக்கத்துக் காட்டிலேயே விடுகிறார்கள்.