வீட்டுக்கு ஓர் அச்சுப்பொறி

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடதாசியும் மையும் கிடைக்காமையால், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. தலைநகரத்துக்கே அந்நிலை என்றால், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? கடந்தகால வினாத்தாள்களைப் பிள்ளைக்கு வீட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாமே என்று பெற்றோர் எண்ணுவது நியாயமே.

கடைக்குச் சென்றால், குறைந்த விலையுள்ள இங்க்ஜெட் பொறியின் மீதே கண் செல்லும். பொறிக்கு ஒருமுறைதான் பணம். மைக்கோ மீண்டும் மீண்டும் பணம். ஆகவே மைக்குப்பியின் விலையை, அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கையும் பக்கத்தில் நூற்றுக்கு 5 பங்கு இடத்திலேயே மை படும் என்ற கணக்கில் சொல்லப்படுவது. பொறியோடு வரும் முதற்குப்பியோ பெரும்பாலும் அரைகுறையாய் நிரப்பப்பட்டது.

நாள்தோறும் அச்சிடுவோருக்கு மைத்தொட்டியுள்ள பொறி சிக்கனமானது. பரீட்சைக் காலத்தில் மட்டும் அச்சிடும் வீட்டிலோ, இடையில் மை உலர்ந்து நுண்துளைகள் அடைபட்டுவிடும். கறுப்பு லேசர் பொறியில் இருப்பது டோனர் என்னும் பொடி, அது உலர்வதில்லை.

ஆனால் மலைநாட்டில் ஈரம் ஒரு பகை. சூடான உருளையினூடே செல்லும்போது ஈரந்தங்கிய தாள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். தாள்கட்டை இறுக மூடிவைத்து, வேண்டியதை மட்டும் எடுப்பது நன்று. அச்சிடும்போது லேசர் பொறி பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும்; லயத்து வீட்டின் பழைய மின்கம்பியில் மின்னடுப்போடு சேர்த்து அதனை இயக்கலாகாது.

நான்கு வீட்டார் கூடி ஒன்று வாங்கினாலும் குறைவில்லை. பொடி தீர்ந்தால் அடுத்த குப்பி யார் செலவு என்பதை மட்டும் வாங்குமுன்பே பேசிக்கொள்ளட்டும்.