மலைப்பாதை லாரிக்கு எந்த டயர்?

(ஊராட்சிச் செயலர்களும் லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கிராம வளர்ச்சியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கிணறு, பள்ளிக்கூடம், சாலை என்று தொடங்குவது மரபு. நாம் இன்று டயரைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மலைமேல் ஒரு வீடு எழும்ப வேண்டுமானால் சிமெண்டும் கம்பியும் மேலே போயாக வேண்டும். கோடையில் குடிநீரும், பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கு அரிசியும் போயாக வேண்டும். தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் இவற்றையெல்லாம் சுமப்பது லாரி. லாரியைச் சுமப்பவை ஆறு டயர்கள். அந்த ஆறையும் தேர்ந்தெடுப்பதில் எங்கள் ஒன்றியம் ஒரு முறை தவறியது. அதனை மறைக்காமல் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன் நடந்தது இது. எங்கள் லாரிக்கு உற்பத்தியாளர் கொடுத்திருந்த டயர் அளவு 10.00-20. காட்டு ஓடையைத் தாண்டி ஏறும் பாதையில் பாறை முனைகள் வண்டியின் அடிவயிற்றை உரசிக்கொண்டிருந்தன. பெரிய டயர் போட்டால் வண்டி உயரும் என்று ஓட்டுநர் சொன்னார். டயர்க் கடைக்காரரும் ஆமோதித்தார். ஒன்றியக் குழு உறுப்பினர்கள் பலருக்கும் அதுவே கருத்து. நாங்களும் கையெழுத்திட்டோம். 11.00-20 அளவில் ஆறு டயர்கள் வாங்கி மாட்டப்பட்டன. பழைய ரிம்மிலேயே அவை ஏறி உட்கார்ந்தன. ஏறிவிட்டதனாலேயே பொருந்திவிட்டன என்று எண்ணிக்கொண்டோம்.

வண்டி எவ்வளவு உயர்ந்தது என்று அப்போது ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. கணக்கு மிக எளியது. 10.00-20 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 105 சென்டிமீட்டர், 11.00-20 டயருக்கு ஏறக்குறைய 108½ சென்டிமீட்டர். வேறுபாடு மூன்றரை. இதிலும் அச்சுக்குக் கீழே உள்ள பாதிதான் வண்டியைத் தூக்குகிறது. மேற்பாதி வெறுமனே உயரே நிற்கிறது. ஆகவே அச்சு உயர்ந்தது ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர். உங்கள் கட்டைவிரலைக் கிடத்தி வைத்துப் பாருங்கள். அந்தப் பருமன்கூட இல்லை. பின்னச்சின் நடுவே குண்டாகத் தொங்குகிற பல்சக்கரப் பெட்டி முன்பு எந்தப் பாறையில் இடித்ததோ, அதே பாறையில் பின்னரும் இடித்தது.

அந்தக் கட்டைவிரலுக்காக நாங்கள் கொடுத்த விலை பெரிது. பின்னச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு டயர்கள் ஜோடியாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி, டயரின் அகலத்தைக் கணக்கிட்டு உற்பத்தியாளர் வைத்தது. டயர் அகலமானதும் அந்த இடைவெளி குறுகியது. வெறும் வண்டியில் கை நுழைந்தது. பாரம் ஏற்றியதும் டயர்களின் பக்கச்சுவர்கள் பிதுங்கி ஒன்றையொன்று தொட்டன. முன்சக்கரமோ கொண்டை ஊசி வளைவில் முழுதும் திருப்பும்போது மட்கார்டில் உரசியது. சக்கரம் பெரிதான அளவுக்கு இன்ஜினின் இழுவை நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தது; சமவெளியில் இது தெரியாது, கடைசி ஏற்றத்தில் கிளட்ச் கருகும் நாற்றமாகத் தெரிந்தது. பிரேக் பிடிக்கும் திறனும் அதே அளவு குறையும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, அரிசி மூட்டைகளும் சிமெண்டுமாக ஏறிக்கொண்டிருந்தபோது, உரசி உரசிச் சூடேறியிருந்த உள்பக்கத்து டயர் வெடித்தது. ஜோடி டயரும் பாரம் தாங்காமல் சிறிது தொலைவில் நைந்தது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதையில் லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஐந்து நாட்கள் அது அங்கேயே நின்றது. அரிசியை ஊரார் தலைச்சுமையாகக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை அழைத்து வரப்போன ஜீப் லாரியைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பெண்ணை டோலி கட்டி இறக்கினார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். அடுத்த வாரம் அவருடைய மாமியார் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, “வண்டிக்குப் பெரிய காலு போட்டீங்களே சாமி, அது வழியைத்தானே அடைச்சுது” என்று கேட்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிற்க. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருந்தாலே இவற்றில் பாதி நேர்ந்திருக்காது. 10.00-20 என்றால் டயரின் அகலம் சுமார் 10 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் குறுக்களவு 20 அங்குலம். கோட்டுக்குப் பதிலாக ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல். கோடாக இருந்தால் நாம் வழக்கமாக நைலான் என்று சொல்லும் வகை. ரிம்மின் அகலம் வேறு விஷயம்: 9.00-20 டயருக்கு ஏழு அங்குலமும், 10.00-20 டயருக்கு ஏழரையும், 11.00-20 டயருக்கு எட்டும் உரியவை. இவற்றை அடுத்து 146/143 என்பது போன்ற இரண்டு எண்கள் இருக்கும். கடையில் யாரும் சுட்டிக்காட்டாத எண்கள் இவை. நாம் முதலில் பார்க்கவேண்டியவையும் இவையே. 146 என்றால் அந்த டயர் தனியாக நிற்கும்போது 3,000 கிலோ தாங்கும். 143 என்றால் ஜோடியாக நிற்கும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ தாங்கும். ஜோடியில் ஏன் குறைகிறது என்றால், மேடுபள்ளத்தில் இரண்டும் ஒருபோதும் சமமாகப் பாரம் ஏற்பதில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு அச்சு லாரிக்கு முன்பு சட்டம் அனுமதித்தது முன்னச்சில் 6 டன், பின்னச்சில் 10.2 டன். முன் டயர் ஒன்றுக்கு 3,000 கிலோ. பின் டயர் ஒன்றுக்கு 2,550 கிலோ. மேலே சொன்ன டயர் முன்னே இம்மியும் மிச்சமின்றி, பின்னே சிறிது மிச்சத்தோடு பொருந்துகிறது. 2018ஆம் ஆண்டில் அந்த உச்சவரம்பு 7 டன்னாகவும் 11.5 டன்னாகவும் உயர்த்தப்பட்டது. அப்படியானால் முன் டயருக்கு 3,500, பின் டயருக்கு 2,875. அதே டயர் இரண்டு இடத்திலும் தோற்கிறது! அரசாணை வந்ததை ரப்பர் அறியாது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பழைய டயரோடு புதிய பாரம் ஏற்றுகிற உரிமையாளர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவர்கள் இன்று மாலையே அந்த எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

பாரத்துக்கு அடுத்தது மண். எங்கள் வேலை இடமாற்ற வேலை. அதனால் மூன்றுவகை மண்ணில் லாரிகள் படும் பாட்டைப் பார்க்கும் பேறு கிடைத்தது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மணல் ஆழமானது. அடியில் கெட்டித் தரை அகப்படாது. அங்கே டயர் மணலின்மேல் மிதக்க வேண்டும்; ஆழமான பட்டன் உள்ள டயர் மணலைத் தோண்டிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கிவிடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலிலோ கதை வேறு. மழை பெய்த கரிசல் மண் டயரின் பள்ளங்களை அப்பி நிரப்பிவிடும். சிறிது நேரத்தில் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். குறுக்கே அகலமான பள்ளங்கள் கொண்ட லக் டயர், சுழலும்போது ஓரளவு மண்ணை உதறும். உண்மையில் கரிசலில் மழைக்குப் பின் இரண்டு நாள் பொறுத்திருப்பதற்கு ஈடான டயர் இதுவரை நாம் கண்டதில்லை.

மூன்றாவது, இப்போது நாம் நிற்கும் மலை. இங்கே சேறு மேலாக இருக்கும், அடியில் கல் இருக்கும். அகலமான டயர் சேற்றின்மேல் வழுக்கும். ஒடுக்கமானது சேற்றைப் பிளந்து கல்லைப் பிடிக்கும். கூரிய கற்கள் பக்கச்சுவரைக் கிழிப்பதும், ஜோடி டயர்களுக்கிடையே கல் சிக்குவதும் இங்கே அன்றாடத் தொல்லை. ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது. நெடுஞ்சாலையில் அதற்கு நிகரில்லை என்றாலும், கல் நிறைந்த பாதைக்கு நைலான் வகையே எங்களுக்குப் பிழைத்து வந்திருக்கிறது. ஒரே அச்சில் இரண்டையும் கலந்து போடக்கூடாது.

காட்டுப் பாதைக்கென்றே செய்த லாரிகள் எப்படி இருக்கின்றன என்று ஓட்டுநர்கள் கேட்பதுண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டில், அமெரிக்கர்கள் டக் என்ற நீர்நில லாரியைச் செய்தார்கள். கடலிலிருந்து நேரே மணற்கரையில் ஏறவேண்டிய வண்டி அது. சாதாரண லாரியின் ஜோடிப் பின் டயர்களை நீக்கி, எல்லா இடத்திலும் 11.00-18 அளவில் ஒற்றை டயர் போட்டார்கள். முன்சக்கரம் அழுத்திய தடத்திலேயே பின்சக்கரமும் வருமாதலால் புதிதாக மண்ணைப் பிளக்கும் வேலை அதற்கில்லை. அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்றும் அதில் இருந்தது. ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே, வண்டி ஓடும்போதே, டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கெட்டிச் சாலையில் சுமார் 40 பவுண்டு வைத்தார்கள். மணலில் சுமார் 10 பவுண்டு வரை இறக்கினார்கள். நம் நாட்டு இராணுவத்தின் ஸ்டாலியன் லாரிக்கோ சாலையில் ஏழரை டன் என்றால், சாலை விட்டு இறங்கினால் ஐந்து டன். பாரத்தைக் குறைப்பதும் காற்றைக் குறைப்பதும் டயரின் அளவைப் போலவே பேசும் என்பதை இந்த இரண்டு வண்டிகளிலும் காணலாம்.

காரணத்தைச் சொல்லிவிடுவோம். 3,000 கிலோ தாங்கும் டயரில் 115 பவுண்டு காற்று இருந்தால் அது தரையைத் தொடுகிற இடம், பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தக அட்டை அளவுதான். மண்ணுக்கு எடை தெரியாது. ஒரு சதுர அங்குலத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்பதே தெரியும். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகித் தொடும் இடம் பெருகும், மண் அமுங்குவது குறையும். கடையில் கொடுக்கும் பணத்தால் கிடைக்காத அகலம், வால்வைத் திறந்தால் கிடைக்கிறது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாளையே முழுப் பாரத்தோடு காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்த டயர் மடிந்து மடிந்து சூடேறும். ட்யூப் உள்ள டயரானால் ரிம்மின்மேல் டயர் வழுக்கிச் சுற்றி வால்வையே அறுத்துவிடும். நாங்கள் கடைப்பிடிப்பது இது: முதலில் பாதிப் பாரத்தை இறக்குகிறோம், பிறகு 70 பவுண்டு வரை காற்றை இறக்குகிறோம், அதற்குக் கீழே போவதில்லை, மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, சேறு கடந்ததும் அங்கேயே காற்றை நிரப்பிய பிறகுதான் நகர்கிறோம். காற்றுப் பிரேக் உள்ள லாரியில் காற்றமுக்கி ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து டயருக்குக் குழாய் இழுக்கும் வசதி பல லாரிகளில் உண்டு. இருபதடிக் குழாயும் ஒரு காற்றுமானியும் இருந்தால் போதும்.

காற்று நிரப்புகையில் ஓர் எச்சரிக்கை. லாரி ரிம்களில் பல, பூட்டு வளையம் வைத்து மூடியவை. அந்த லாக் ரிங் துருப்பிடித்தோ, வேறு ரிம்முக்கு உரியதாகவோ இருந்தால், காற்று ஏறும்போது பீரங்கிக் குண்டு போலத் தெறித்து வரும். பஞ்சர் போடும் பிள்ளைகள் அதன் நேரெதிரே குனிந்து நிற்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! முற்றிலும் காற்றிறங்கிய டயரைக் கழற்றி, வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்தே நிரப்ப வேண்டும். கூண்டு இல்லாத கடையில் ஒன்றிய வண்டிக்கு நாங்கள் காற்று நிரப்புவதில்லை.

சட்டத்தையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுவோம். உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எங்கள் லாரி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மீண்டும் 10.00-20 அளவுக்கே திரும்பினோம்: முன்னே நீளவரி உள்ள ரிப் டயர், பின்னே நைலானில் லக் டயர். ஓடைக்கு அப்பால் மூன்றில் இரண்டு பங்குப் பாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. இதனால் மாதத்துக்கு இரண்டு நடை கூடுகிறது, டீசல் செலவும் கூடுகிறது. தணிக்கையில் இதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தோம். அடிவயிற்றில் இடித்த பாறை முனைகளோ? வனத்துறையின் அனுமதி பெற்று, ஊரார் நால்வர் சம்மட்டியும் கடப்பாறையும் கொண்டு இரண்டே நாளில் உடைத்தெறிந்தார்கள். ஆறு டயர் வாங்குமுன் அந்தப் பாதையில் நாங்கள் ஒரு முறை நடந்து பார்த்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

லாரி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. பின்பக்கத்து ஜோடியில் பாரத்தோடு எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று நாடா பிடித்துக் காட்ட ஓட்டுநர் காத்திருக்கிறார். உங்கள் வண்டி டயர்களின் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.