நம் கட்சிக்காரர் என்றால் கேள்வி இல்லையா?

(புத்தளத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"தலைவர்களையும் நம்புவதற்கில்லை, புலனாய்வு அதிகாரிகளையும் நம்புவதற்கில்லை" என்று கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் பேசுகிறார்கள். சிலாபம் நீதிமன்ற வளவிலும் பேசுகிறார்கள். அந்த அவநம்பிக்கையை நாம் பழிக்க வரவில்லை. அது காரணத்தோடு பிறந்தது.

வண்ணாத்திவில்லு நமக்கு அந்நிய ஊரா? 2019 ஜனவரி 16-ஆம் நாள் அங்கே ஒரு தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருள் அகப்பட்டது. ஏப்ரல் 4-ஆம் நாள் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. சஹ்ரானின் பெயரும் அதில் இருந்தது. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்பதும் இருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கொழும்பு விடுதிகளிலும் 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

தகவல் இருந்தது, காலம் இருந்தது, ஆளணி இருந்தது. இல்லாமற் போனது எது? 2018 ஒக்டோபர் 26-ஆம் நாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் பிரதமரை நீக்கினார். டிசம்பரில் அதே ரணில் விக்கிரமசிங்க மீண்டும் பதவியேற்றார். இருவரும் ஓர் அரசாங்கத்தில் இருந்தார்களேயன்றி ஒரு மேசையில் இருக்கவில்லை. பாதுகாப்பும் பொலிசும் ஜனாதிபதியின் கையில். பாதுகாப்புச் சபைக்குப் பிரதமருக்கு அழைப்பில்லை. கட்சிப் பகை கோட்டைக்குள் குடியிருந்தபோது எச்சரிக்கைக் கடிதம் அலுவலகம் அலுவலகமாக நடந்துகொண்டிருந்தது.

இது நம் கற்பனையன்று. 2023 ஜனவரி 12-ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கடமை தவறியதைத் தீர்ப்பாகவே எழுதினார்கள். சிறிசேன 10 கோடி ரூபாய்; பொலிஸ் மாஅதிபராயிருந்த பூஜித ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராயிருந்த நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு 7½ கோடி; பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு! நிலந்த ஜயவர்தன சேவையிலிருந்து நீக்கப்பட்டதோ 2025 ஜூலையில்தான்.

இனி நம்மைப் பார்ப்போம். தீர்ப்பு வந்தபோது ஒவ்வொரு கட்சிக்காரரும் எந்தப் பக்கத்தைப் படித்தார்? எதிர்க்கட்சிக்காரர் பெயர் வந்த பக்கத்தை! 2018-இல் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே ஒரு புலனாய்வு அதிகாரி தாக்குதல்காரரோடு இரகசியமாகச் சந்தித்ததாக 2023 செப்டெம்பரில் சனல் 4 தொலைக்காட்சியில் ஒருவர் கூறினார். அதிகாரி மறுத்தார், தாம் அப்போது நாட்டிலேயே இல்லை என்றார். ஒரு சாரார் படத்தைப் பார்க்குமுன்பே நம்பினர். மறு சாரார் பார்க்குமுன்பே தள்ளினர். சட்டம் படித்தவர்கள்கூட இப்படிச் செய்ததுதான் வேடிக்கை. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. குற்றச்சாட்டென்றால் சாட்சியைக் கூண்டில் ஏற்று, குறுக்கு விசாரணை செய் என்பதல்லவா நம் கோரிக்கையாக இருக்கவேண்டும்?

தலைவர்மீது காட்டவேண்டிய சினத்தைக் கட்சிப் பற்று தடுத்துவிட்டால் அந்தச் சினம் எங்கே போகும்? 2019 மே மாதம் அது எங்கே போனதென்று நாம் கண்டோம். முகநூலில் ஒரு முஸ்லிம் வணிகர் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சிலாபத்தில் கலகம் மூண்டது. மறுநாள் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். எச்சரிக்கைக் கடிதத்தை அவரா மறைத்தார்? பாதுகாப்புச் சபையை அவரா கூட்டாமல் விட்டார்? 1990-இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுக் கையில் ஒன்றுமின்றி வந்தவர்களுக்கு இடங்கொடுத்த கரை இது. உடப்பின் இந்துவும் கற்பிட்டியின் முஸ்லிமும் தலவிலைத் திருவிழாவின் தமிழ்க் கத்தோலிக்கரும் பேசும் மொழி ஒன்றே.

நாமும் ஒரு கட்சியின் கொடியைத் தாங்குகிறவர்களே. கொடியைக் கீழே போடச் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர் நம்மவராயினும், அவரைத் திண்ணையில் அமர்த்தி இதைக் கேளுங்கள்: வண்ணாத்திவில்லில் ஜனவரியில் அகப்பட்டதைக் கொண்டு ஏப்ரல்வரை யார் யார் என்ன செய்தார்கள்? அதை முழுமையாக விசாரிக்க நீர் பாராளுமன்றத்தில் எழுந்து பேசுவீரா, உம் தலைவருக்கு அது கசப்பாக இருந்தாலும்?

தேநீர் கொடுங்கள். விடை கிடைக்கும்வரை எழுந்து போக விடாதீர்கள்.