மண்ணெண்ணெய்ப் போத்தலில் இருந்து தொடங்குவோம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுடனான சந்திப்பில், மட்டக்களப்பு வாவிக்கரை மீனவர், விவசாயிகள் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்து வந்திருக்கிறோம். செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறி, மகா ஓயா, பிபிலை தாண்டி, பதுளைக்கு வந்து, அங்கிருந்து உங்கள் தோட்டத்துக்கு ஏறி வந்தோம். இந்த ரோட்டு எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கருவாடு இதால்தான் மேலே வரும், உங்கள் தேயிலைத் தூள் இதால்தான் கீழே இறங்கும். 1977இலும் 1983இலும் வன்முறைக்குப் பயந்து மலையை விட்டு இறங்கிய குடும்பங்களில் பல எங்கள் மாவட்டத்திலும் குடியேறின. அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆகவே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரித்தான் இருக்கு.

சற்று முன் தேத்தண்ணி தந்த ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "அரசியல், பொருளாதாரம் எல்லாம் படிச்சவங்களுக்குங்க. நமக்கு முழுப்பேர் விழுந்தா போதும், மாவு வெல கொறஞ்சா போதும். மத்ததெல்லாம் நமக்கு எதுக்கு?"

நல்ல கேள்வி. எங்கள் ஊரிலும் இதைத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம். பெரிய புத்தகம் ஒன்றும் வேண்டாம். ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தலில் இருந்து தொடங்குவோம்.

எங்கள் பக்கத்தில் வாவிக்குள் தோணி வலித்து வீச்சுவலை எறிகிறவர்களும் உண்டு, சிறு படகில் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. அந்தப் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேணும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 இரவு படுக்கும்போது ஒரு லீற்றர் 87 ரூபாய். விடிய எழும்பினால் 340 ரூபாய். ஒரு தடவை போய்வர 20 லீற்றர் என்றால், 1,740 ரூபாயாக இருந்த செலவு 6,800 ரூபாயாகி விட்டது. மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான். பல படகுகள் கரையிலேயே கிடந்தன.

அப்போது உங்கள் நாட்சம்பளம் 1,000 ரூபாய். லயத்தில் விளக்குக்கும் அடுப்புக்கும் ஒரு லீற்றர் வாங்கினால் ஒரு பேரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பார்த்தீர்களா? ஒரே இரவில் எடுத்த ஒரு முடிவு கடற்கரைப் படகையும் மலையில் இருக்கிற லயத்தையும் சேர்த்து அடித்தது. அந்த முடிவை எடுத்த அறையில் நீங்களும் இல்லை, நாங்களும் இல்லை.

மானியம் என்றென்றைக்கும் இருக்க வேணும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வாங்கின விலைக்குக் குறைவாக விற்றால் யாரோ ஒருவர் அந்த நட்டத்தைக் கட்டத்தானே வேணும். ஆனால் இத்தனை வருடம் குறைத்து வைத்த விலையை ஏழையின் தலையில் ஒரே இரவில் இறக்கினது நியாயமா என்றுதான் கேட்கிறோம்.

இது எங்கே இருந்து வந்தது? நம்முடையது சின்னத் தீவு. எண்ணெய், கோதுமை, மருந்து, பசளை எல்லாம் வெளியே இருந்து வரவேணும். அதற்கு டொலர் வேணும். அந்த டொலரைக் கொண்டு வாறது யார்? கொழுந்து எடுக்கிற நீங்கள். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண் பிள்ளைகள். எங்கள் ஊரில் இருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மார். கூட்டிப் பார்த்தால், நாட்டுக்கு டொலர் தேடித் தந்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். அதை எப்படிச் செலவழிக்கிறது என்று முடிவு செய்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்? இதை வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

2019 கடைசியில் வரிகளைப் பெரிதாக வெட்டினார்கள். வற் வரி 15 வீதத்தில் இருந்து 8 வீதமானது. கேட்க நல்லாத்தான் இருந்தது. அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்தது, உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். எங்கள் வட்டைகளில் வேளாண்மை மஞ்சளித்து நின்றது. உங்கள் மலைகளில் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தை விட ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது.

வரிசையில் நிற்கிறது எங்களுக்குப் புதிசு அல்ல. யுத்த காலத்தில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு மண்ணெண்ணெயும் பசளையும் கொண்டு போவதற்குச் சோதனைச் சாவடியில் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆகவே 2022இல் கொழும்பில் இளைஞர் திரண்டபோது எங்களில் சிலர், "எங்களுக்கு இல்லாதபோது இவங்க எங்க இருந்தாங்க?" என்று பார்த்துக்கொண்டு இருந்தோம். வேறு சிலர் போய்க் கலந்துகொண்டார்கள். மறுகா ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனபோது எல்லோரும் வானொலிக்குக் கிட்ட வந்துவிட்டோம்.

சரி, பில்லைக் கட்டினது யார்? 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் தவணை முறையில் தர ஒத்துக்கொண்டது. அதற்குப் பின் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள். அதில் உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிற ஊழியர் சேமலாப நிதியும் அகப்பட்டது. அந்த நிதி வைத்திருந்த அரச பிணைமுறிகளை மாற்றி, 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம் வட்டி என்றார்கள். மாற்றாத நிதிக்கு 14 வீத வரியை 30 வீதமாக்குவோம் என்றார்கள். வங்கிகளை அதில் சேர்க்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. கடன் வாங்கும்போது நம்மைக் கேட்கவில்லை. கட்டும்போது மட்டும் நம் வீட்டுப் பெட்டியைத் திறந்தார்கள்.

இதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உள்ளிட்ட சிலர் இந்த நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்கள் தந்த நம்பிக்கையை அவர்கள் மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் முன்னாள் நீச்சல் வீரர். மந்திரி அல்ல, கட்சித் தலைவர் அல்ல, உங்களையும் எங்களையும் போல ஒரு பிரசை. நட்டம் திரும்பி வரவில்லை. ஆனால் யார் செய்தது என்பது எழுத்தில் வந்துவிட்டது.

இனி எங்கள் குற்றத்தையும் சொல்ல வேணும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் தகரமும் சீமெந்தும்தான் கேட்டிருக்கிறோம், கணக்குக் கேட்டதில்லை. 1948இல் உங்கள் முன்னோரின் குடியுரிமை பறிபோனபோது பாராளுமன்றத்தில் இருந்த தமிழ் உறுப்பினர்கள் எல்லோரும் ஒன்றாக நின்று எதிர்க்கவில்லை. அதற்குப் பிறகும் உங்கள் சம்பளப் பிரச்சினை வந்தால், "அது தோட்டத்து விசயம்" என்று எங்கள் ஆட்கள் பத்திரிகையை மடித்து வைத்தார்கள். எங்கள் மயிலத்தமடு மேய்ச்சல் தரையில் மாட்டுக்காரர் 2023இல் போராட்டம் தொடங்கினபோது, "அது கிழக்கு விசயம்" என்று நீங்களும் நினைத்திருக்கலாம். இரண்டும் ஒரே விசயம்தான். வேலை செய்கிறவனுக்கு நிலத்தில் உறுதி இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனபோது, ஆபத்தான சரிவை விட்டுப் போக வேறொரு துண்டு நிலம் இல்லாமல் இருந்தவர்கள் யார் என்பதை இந்த மலையே பார்த்தது.

யாருக்கு வாக்குப் போடுவது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. மட்டக்களப்பில் மட்டும் தமிழரசுக் கட்சி முந்தி, ஐந்து ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. இரண்டு பக்கமும் போட்டவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒரே தோணியில்தான் போகிறோம், வலையும் ஒன்றாகத்தான் இழுக்கிறோம். போட்ட வாக்குக்குப் பிறகு என்ன கேட்கிறோம் என்பதில்தான் எங்களுக்கு ஒற்றுமை.

ஒரு சின்ன அனுபவம். எங்கள் படகுத்துறைக்குப் போகிற ரோட்டு பாதியில் நின்றது. காசு வந்ததா, வந்த காசு எங்கே என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் தாருங்கள் என்று திரும்ப எழுதினோம். தமிழில் வந்தபோதுதான் தெரிந்தது, செலவழிக்காத காசு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விட்டது என்று. ரோட்டு இன்னும் முடியவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தபோது, "பார்ப்போம்" என்று சொல்லி எழும்பிப் போக ஒருவருக்கும் ஏலாமல் போச்சு.

நீங்களும் செய்யக்கூடிய மூன்று காரியம் சொல்கிறோம். ஒன்று, உங்கள் சேமலாப நிதிக் கணக்கை எடுத்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா, தோட்டம் காசு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, முன்பு பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே ரோட்டுக்கும் தண்ணீருக்கும் சபையிடம் எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, சம்பளத்தை எண்ணாக மட்டும் பார்க்காதீர்கள். 2021இல் 1,000 ரூபாய். 2024இல் 1,350 ரூபாய். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், வருகைக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாயும் என்று முன்மொழிந்தார்கள். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ மா வருகிறது என்று ஒரு கொப்பியில் மாதாமாதம் எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிற தலைவருக்கு அதைக் கொடுங்கள். அதுதான் உங்கள் பொருளாதாரப் புத்தகம்.

அக்கா, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இவ்வளவுதான். நாம் அரசியலை விட்டாலும் அது நம் போத்தலையும் பெட்டியையும் தேடி வருகிறது. வருகிறபோது கையில் ஒரு கணக்காவது இருக்கட்டும்.

எங்கள் கரைக்கும் ஒருமுறை வாங்கோ. வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாங்கோ. நாங்களும் எங்கள் கொப்பியை எடுத்து வைக்கிறோம், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.