தீவில் இருக்கும் பாட்டு, ரொறன்ரோவில் கேட்கும்

நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை வீடுகளில் பழைய ஒலிநாடாக்கள் இன்னும் இருக்கின்றன. கோயில் திருவிழா நாதஸ்வரம், கலியாண வீட்டுத் தவில், வானொலியில் பிடித்த பாட்டுகள். உப்புக் காற்றும் ஈரமும் நாடாவை விட்டுவைப்பதில்லை. பூஞ்சை பிடித்தால் ஒலி கெட்டுவிடும்.

முதலில் கணினிக்கு மாற்றவேண்டும். பிறகு கணினியில் உள்ள பாட்டை இணையம் வழியே கேட்கவைக்கும் 'நவிட்ரோம்' போன்ற இலவச மென்பொருளை நிறுவி, வெளியிலிருந்து அணுக வழிசெய்து, கடவுச்சொல்லும் போட்டுவிட்டால், ரொறன்ரோவில் இருக்கும் மகள் கைபேசியிலேயே கேட்பாள். வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகம்தான் இங்கே முக்கியம். வினாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். தரத்தை 64 ஆக்கினால் அதில் பாதி போதும்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், 'ஆவணகம்' என்ற தன் இணையக் காப்பகம் வழியாக ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கிறது. வேறெங்கும் கிடைக்காத ஊர்ப் பதிவு உங்களிடம் இருந்தால், அங்கேயும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.