முதல் தவணையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்



திருவிடந்தையில் கல்யாணப் பேச்சில்லாமல் ஒரு நாளும் விடிவதில்லை. நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் வேண்டி மாலையோடு வருகிறவர்களை நித்தமும் பார்க்கிறோம். ஒரு வரன் வந்தால் நம் வீடுகளில் ஊர், உறவு, வேலை, கடன் என்று எதை விசாரிக்காமல் விடுகிறோம்? மேல்படிப்புக்கு மட்டும் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்று போதுமென்று இருந்துவிடுகிறோம்.

இன்று பட்டம் பெறும் உங்களில் நிதியியலில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் கேட்பது, "உள்ளூரா, வெளிநாடா?" அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கல்விக் கடனின் முதல் தவணை எவ்வளவு?

4 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 7 ஆண்டு என்றால் மாதம் சுமார் 6,640 ரூபாய். 40 லட்சம், 11 சதவீதம், 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 55,100 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி. முதல் கடன்காரர் பிடிக்காத வேலையை உதறிவிட்டு வேறு தேடலாம். இரண்டாமவர் ஒரு மாதம்கூட சும்மா இருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் அந்தச் சுதந்திரத்தையும் படிப்பின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்த செலவில் படிக்க, நம் பகுதியிலேயே வழி இருக்கிறது. தெற்கே காலாப்பட்டில், 1985இல் தொடங்கிய புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸில் எம்.எஸ்சி. நடத்துகிறது. வடக்கே சென்னை கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளாதாரத்தில் எம்.ஏ. உண்டு. மாமல்லபுரம் தாண்டி மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸோ தனியார் மேலாண்மை நிறுவனம். அங்கே கட்டணம் பல மடங்கு. எங்கே போனாலும் அதிகபட்ச சம்பளத்தைக் கேட்காதீர்கள். வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள இந்தியக் கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்குப் பிணையின்றிக் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

வெளிநாடு போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனாலும் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (blocked account) காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். பிரிட்டனில் முதுகலை ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால் படித்தபின் தங்கி வேலை தேட இரண்டு ஆண்டு தரும் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. விமானம் ஏறும்போது இருந்த விதி பட்டம் வாங்கும்போது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்களை அனுப்பிவைக்கும் ஏஜென்சி பல நேரம் கமிஷன் வாங்குவது பல்கலைக்கழகத்திடம். அதையும் மனதில் வையுங்கள்.

பிரிட்டனிலேயே வேலை கிடைத்தால் பவுண்டில் சம்பாதித்து ரூபாய்க் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம். கிடைக்காமல் திரும்பினால், பவுண்டு விலைக்கு வாங்கிய படிப்புக்கு ரூபாய்ச் சம்பளத்தில் தவணை கட்ட வேண்டும். அதனால் கணக்கை எப்போதும் இந்தியச் சம்பளத்தில் போடுங்கள். அப்போதும் தாங்கினால் தயங்காமல் கிளம்புங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கான பெரிய கடனுக்கு வங்கி பெரும்பாலும் பிணை கேட்கும். அப்பா பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன், ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக் காட்டுங்கள்: மொத்தச் செலவு, மாதத் தவணை, இங்கே கிடைக்கக்கூடிய தொடக்கச் சம்பளம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டினால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள். ஊரார் பணத்தை நிர்வகிக்கப் படிக்கப்போகிறவர்கள் நீங்கள். அந்தத் திறமையை முதலில் உங்கள் வீட்டுக் கணக்கில் காட்டுங்கள்.