ஒடிந்தோமா, ஒடித்தார்களா?



'டிமாரலைஸ் ஆயிட்டேன் தோழர்.' இப்போது நம் இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். அந்த ஆங்கில வினையின் பழைய பொருள் ஒழுக்கத்தைக் கெடுப்பது. அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய சிறுநூலில் அந்தப் பொருளில்தான் எழுதினார். படையின் மன உறுதியைக் குலைப்பது என்பது பிறகு வந்த பொருள். நாம் புழங்குவது இதைத்தான்.

கீழத்தஞ்சை இரண்டையும் பார்த்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் உடம்புக்கான தண்டனை மட்டுமல்ல, ஊர் பார்க்க ஒரு மனிதனைக் கூனவைக்கும் ஏற்பாடு. 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைச் சங்கமாக்கினார்கள். மிராசுதார் கண்ணுக்கு, நிமிர்ந்த ஆள் கெட்டுப்போன ஆள். முதல் பொருளைச் சொல்லித்தான் இரண்டாவதைச் செய்தார்கள்.

1968-இல் வெண்மணியில் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். மறுபக்கம் கேட்டதோ செங்கொடியை இறக்கச் சொல்லி. நெல்லை விடக் கொடிதான் அவர்களை உறுத்தியது என்று நினைக்கிறேன். டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

தமிழில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்: எரிந்தார்கள், எரித்தார்கள். கீழ்நீதிமன்றம் 'எரித்தார்கள்' என்று தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்துவந்து இதைச் செய்திருப்பார்களா என்ற தோரணையில் தீர்ப்பு போனது. 44 பேர் எரிந்தார்கள், எரித்தவர் இல்லை!

நம் 'ஆயிட்டேன்' அந்தத் தீர்ப்பின் இலக்கணம்தான். ஒடிந்தேன் என்கிறோம், ஒடித்தவன் வாக்கியத்திலேயே இல்லை. நேர்காணல் அறையில் 'கோட்டாவா?' என்று சிரித்தவர், விடுதியில் தட்டைத் தனியே வைக்கச் சொன்னவர், இவர்களெல்லாம் எங்கே போனார்கள்? அயர்ச்சியாக இருக்கிறது என்று தனியே படுத்துக்கொள்கிறோம், ஏதோ காய்ச்சல் வந்ததுபோல.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைப் பார்க்கும் விதம் வேறு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவரை, அப்படி இல்லாத ஒருவர், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுப்பார்வையில் அவமதித்தால் குற்றம். யார் செய்தார், எங்கே, யார் பார்த்தார்கள் என்று அது கேட்கிறது. 'ஆயிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் புகார் நிற்காது. ஆகவே அன்றைக்கே ஒரு தாளில் பெயர், தேதி, இடம், பக்கத்தில் இருந்தவர்கள், சொன்ன சொல் அப்படியே, எழுதிவைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.